நாக்கு நுனி நேர்ச்சை

என்னைவிடப் பெரிய முட்டாள் இந்த மேலப்பாளையத்தில் யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள், வாசல்வரை வந்து சலாம் சொல்லுகிறேன்.

வட்டலப்பத் தொழில் என் யோசனைதான். முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி. அடித்து, வடிகட்டி, ஆவியில் வேகவைக்க ஓர் அடுப்படி போதும். சவூதியில், தம்மாமில் லாரி ஓட்டும் என் மாப்பிள்ளை ரசீத் போனில் சொன்னார்: "வாரா வாரம் நிக்காம வாற ஆர்டர் ஒண்ணே ஒண்ணு பிடிச்சிரு தஸ்மியா. இங்கன மறு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடாம வந்துருதேன்." எங்கள் மகள் முஃபீதாவுக்கு ஏழு வயது. வாப்பாவை மூன்று தடவைதான் நேரில் பார்த்திருக்கிறாள். எனக்கு வேறென்ன வேண்டும்? அவர் வர வேண்டும், அவ்வளவுதான்.

நோட்டுப் போட்டு வரிசையாக எழுதினேன். முதலில் பெயர். அடுத்து தங்க எழுத்தில் ஸ்டிக்கர். பிறகு மூடி வைத்த கிண்ணம், இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம். பெயர் யோசிக்கவே பத்து நாள் போயிற்று. மாமியார் மஹ்மூதா பீவி எட்டிப் பார்த்து, "பண்டத்த எத்தனாவதா எழுதியிருக்க?" என்று கேட்டார்.

"அது நமக்குக் கைவந்ததுதானே மாமி" என்றேன். கல்யாணச் சந்தடியில் தாலி கட்ட மறந்த கதைதான்.

நோன்பு மாதம் பிறந்து நாலாம் நாள் ஆர்டர் வந்தது. கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலைக்குச் சாப்பாடு போடும் கேன்டீன்காரர் தில்லைநாயகம் அண்ணாச்சி. "வியாழக்கெழம மத்தியானத்துக்கு மாதிரிக்கு நாப்பது கிண்ணம் குடும்மா. பிடிச்சுப்போச்சுன்னா வாரா வாரம் இருநூறு" என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அந்தச் சூட்டிலேயே ஒரு நேர்ச்சையும் செய்துகொண்டேன். ரசீத் வந்து சேர வேண்டும். அதற்காக இந்த மாதம் முழுக்க, பகலில் என் அடுப்படியில் வைத்து எந்தப் பண்டத்திலும் ருசி பார்க்க ஒரு நாக்கும் படாது.

வியாழன் காலையில் மாமி தலையில் அடித்துக்கொண்டார். "நாக்கு நுனியில வச்சுப் பாத்துட்டுத் துப்பிரு. சமைக்கவளுக்கு அது ஆகும், நோன்பு முறியாது. மார்க்கமே விட்டுக் குடுத்தத நீ ஏம்ட்டி பிடிச்சுக்கிட்டுத் தொங்குத? இங்கன கொண்டா, நான் பாக்கேன்."

"என் நேர்ச்சய நீங்க முறிக்கவா?" என்று சட்டியைப் பிடுங்கி இந்தப் பக்கம் வைத்தேன். ஸ்டிக்கர் ஒட்டுகிற அவசரம் எனக்கு. வழக்கமான கடையில் கருப்பட்டி தீர்ந்துபோய், அன்றைக்குத்தான் புதுக் கடையில் வாங்கியிருந்தேன். நிறம் நன்றாகவே இருந்தது. நாற்பது ஸ்டிக்கரும் கோணாமல் ஒட்டி முடித்தபோது வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனது.

மூன்று மணிக்கு அண்ணாச்சி கூப்பிட்டார். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "ஒரு வாய் வச்சதும் எல்லாரும் கிண்ணத்தத் தள்ளிட்டாங்கம்மா. பதனியில சுண்ணாம்பு கூடிப்போன கருப்பட்டி போல, நாக்க அரிக்கி. நீ வாயில வச்சுப் பாக்கலியா?"

"நோன்பு அண்ணாச்சி."

"எங்க சமையக்கார பாயும் நோன்புதாம்மா. அவரு நாக்குல வச்சுப் பாத்துத் துப்பிட்டுத்தானே அனுப்புதாரு?"

"வேற ஆள்கிட்ட சொல்லிட்டேம்மா, மனசுல வச்சுக்கிடாத" என்று அண்ணாச்சி போனைப் பைய வைத்துவிட்டார்.

ஐந்து மணிக்கு ரசீத். "கம்பெனி ஆபீஸ்லதான் நிக்கேன். ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட இன்னைக்குத்தான் கடைசி நாள். என்ன ஆச்சு?"

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. கருப்பட்டி, நேர்ச்சை, மாமியிடம் சட்டியைப் பிடுங்கியது, எல்லாவற்றையும் கொட்டி அழுதேன். "நீங்க வரணும்னுதான் மச்சான் நேர்ந்துக்கிட்டேன். அல்லா சத்தியமா அதுக்குத்தான்."

அந்தப் பக்கம் யாரோ அரபியில் அவரை அவசரப்படுத்தினார்கள்.

"நான் வாறதுக்கு ஒரு விரல் நுனி வட்டலப்பம் போதும்னா, அத நீ நாக்குல வச்சிருக்கக் கூடாதா தஸ்மியா?" என்றார். குரலில் கோபமே இல்லை. பாவி மனுஷன், கோபப்பட்டுத் தொலைத்திருக்கலாம்.

முஃபீதா போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். எனக்கும் கேட்டது.

"இரு தங்கம், வாப்பா ஒரு கையெழுத்துப் போட்டுக்கிடுதேன்."

அவள் சமர்த்தாகக் காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "போட்டாச்சா வாப்பா?" என்று கேட்டாள்.

"போட்டாச்சும்மா."

"அப்ப பொறப்பட்டு வாங்க" என்றாள்.