புள்ளிக்கு நேரே புள்ளி

ஜீப்புக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த அவளுடைய காலை அண்ணன் செருப்பு நுனியால் தட்டினான்.

“எந்திரிடி. செத்த வீட்டுல மெக்கானிக் வேல பாக்கறியா?”

“நாலு மணிக்குத்தானே கெளம்பணும். இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு.”

“அன்னிக்கு அப்பாவும் இப்படித்தான் அடியில போய்ப் படுத்தாரு. காலைப் புடிச்சு வெளிய இழுத்துப் போட்டேன். உனக்கும் அதே வேணுமா?”

அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். செருப்பு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு போனது.

கல்லறை குன்றின் மேல் இருந்தது. சவ ஊர்தி அந்த ஏற்றத்தில் ஏறாது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும். தெருவில் அது அண்ணனிடம் மட்டுமே இருந்தது. விடிகாலையில் இறந்த அப்பாவை அதில்தான் கொண்டுபோக வேண்டும். வேகம் ஐம்பதைத் தாண்டினால் அந்த ஜீப் உதறும். உதறியதும் அண்ணன் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும்.

போன வருஷம் அவன் ஜீப்பை நாலு அங்குலம் தூக்கிக் கட்டினான். உயரம் கூடியதும், கியரிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட் அதிகமாகச் சாய்ந்தது. கோணத்தைச் சரிசெய்ய அப்பா ஸ்பிரிங் பட்டைகளுக்கும் அச்சுக்கும் நடுவில் இரண்டு இரும்பு ஆப்புகளை வைத்தார். அன்றிலிருந்து உதறல். “பெத்த பிள்ளைக்கே ஆப்பு வெச்ச மனுஷன்” என்று அண்ணன் கடை கடையாகச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். “அவரு கை நடுக்கம் வண்டிக்கும் ஒட்டிக்கிச்சு” என்றும் சொன்னான். அதற்கும் சிரித்தார்கள். பதினோரு மாதம் அப்பாவுடன் அவன் பேசவில்லை.

ஆப்புகள் சரியாகத்தான் இருக்கின்றன என்று காட்டிவிட வேண்டும். அவளுக்கு இன்று வேண்டியது அது ஒன்றுதான்.

முதலில் ஷாஃப்ட்டின் இரு முனை மூட்டுகளிலும் இருக்கும் கிராஸைக் கையால் அசைத்துப் பார்த்தாள். ஆட்டம் இல்லை. பிறகு அப்பாவின் கோணமானியை எடுத்து கியர் பக்கம் வைத்தாள். அச்சுப் பக்கம் வைத்தாள். தன் மேல் நம்பிக்கை வராமல் மறுபடி வைத்தாள். இரண்டும் ஒன்று. அப்படியிருந்தால் ஒரு முனையின் உதறலை மறுமுனை விழுங்கிவிடும் என்று அப்பா சொல்வார். ஆப்பில் தப்பே இல்லை.

உடனே அண்ணனைக் கூப்பிட்டு அவன் தலையைப் பிடித்து உள்ளே இழுத்துக் காட்ட வேண்டும்போல இருந்தது.

அப்படியென்றால் எதனால் உதறுகிறது? டார்ச்சை ஷாஃப்ட்டின் நடுவுக்குத் திருப்பினாள். அங்கே இரண்டு துண்டுகள் பல்லோடு பல்லாக ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கும். கழற்றுவதற்கு முன் அப்பா இரண்டு துண்டிலும் உளியால் ஒவ்வொரு புள்ளி குத்தி வைப்பார். மாட்டும்போது புள்ளிக்கு நேரே புள்ளி வர வேண்டும்.

வரவில்லை. ஒரு பல் தள்ளியிருந்தது.

அந்த இரண்டு புள்ளிகளையும் சுற்றி மஞ்சள் பெயிண்டில் ஒரு வட்டம் இருந்தது. பழுது எங்கே என்று அப்பா காட்டும் வட்டம். கோடு நேராக இல்லை. நெளிந்து நெளிந்து, முட்டாமல் முடிந்திருந்தது.

அவள் டார்ச்சை அணைத்தாள்.

ஆப்பு வைத்த அன்று காலை அப்பா அவளைப் பொறுப்பில்லாதவள் என்று திட்டியிருந்தார். அவர் கை நடுங்கியதால், கழற்றிய ஷாஃப்ட்டைச் செருகும் வேலை அவளுக்கு வந்தது. கோபத்தில் பார்க்காமலே குத்திச் செருகினாள்.

“புள்ளி பாத்தியா?”

“பாத்தாச்சு, பாத்தாச்சு.”

அண்ணன் அப்பாவின் காலைப் பிடித்து இழுத்த நாளில் அவர் வீட்டுக்கு வந்தபோது விரல் நுனி மஞ்சளாக இருந்தது.

“கையில என்னப்பா?”

“துரு.”

“துரு எங்கயாச்சும் மஞ்சளா இருக்குமா?”

“இது பழைய துரு” என்று சொல்லிக் கைகழுவப் போய்விட்டார்.

பத்து நிமிஷ வேலை. நாலு போல்ட்டைக் கழற்றினாள். ஷாஃப்ட்டை இறக்கி உருவினாள். ஒரு பல் திருப்பிச் செருகினாள். புள்ளியைப் பார்த்தாள். போல்ட்டை முடுக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். வெளியே வந்தவள், திரும்ப உள்ளே போய்ப் பார்த்தாள்.

நாலு மணிக்குப் பெட்டியை ஏற்றினார்கள். அம்மா பின்னால் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள். அவள் முன்னால் அண்ணன் பக்கத்தில் ஏறினாள்.

“கெட்டியா புடிச்சுக்கம்மா” என்றான் அண்ணன். “உன் புருஷன் கைவேலை இப்பத் தெரியும்.”

“பெட்டி போற வண்டிடா” என்றாள் அம்மா.

குன்றுக்கு முன் நீளமான நேர்சாலை. அவன் வேண்டுமென்றே மிதித்தான். நாற்பது. ஐம்பது. அவன் கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக் காத்திருந்தது. அறுபது.

எதுவும் வரவில்லை.

“பாத்தியா? சின்னப் பொண்ணு ரெண்டு மணி நேரத்துல முடிச்சிருக்கா. அந்த மனுஷன் மாட்டினது…”

“நான் மாட்டினது.”

“என்ன?”

“ஷாஃப்ட்ட நான்தான் தப்பா மாட்டினேன். ஆப்பு சரியாத்தான் இருந்துச்சு. அவருக்குத் தெரியும்.”

அண்ணன் அவள் பக்கம் திரும்பவில்லை. இன்னும் மிதித்தான். அறுபத்தைந்து. எழுபது. எஞ்சின் சத்தம் மட்டும் ஏறியது.

பதினோரு மாதமாக உதறலில் எல்லாவற்றையும் இரண்டிரண்டாகக் காட்டிய, பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பெட்டி துல்லியமாகத் தெரிந்தது. மூடியின் ஆணிகளை எண்ணலாம்போல இருந்தது. அதன் மேல் அம்மாவின் கை அசையாமல் இருந்தது.

அண்ணன் காலைத் தளர்த்தினான். கையைத் தூக்கி, கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டான்.