சால்வைகளின் எடை

பாராட்டினால்தான் மனிதகுலம் வளர்ந்தது. கட்டடப் பொறியியல் துறையின் வாசலில் இந்த வாசகத்தைப் பளிங்கில் வெட்டி வைத்திருந்தார்கள். பளிங்கைக் கோணலாகப் பதித்துவிட்டார்கள். அதை யாரும் சொல்லவில்லை. வருகிறவர்கள் கழுத்தைச் சாய்த்துப் படித்தார்கள். நான்காம் ஆண்டுக்குள் எல்லாருக்கும் கழுத்து அப்படியே நின்றுவிடும்.

இரண்டாவது மாடியில், கருத்தரங்க அறைக்குக் குறுக்கே ஆறு ஓடியது. இறுதியாண்டு மாணவர்கள் அதன்மேல் ஆளுக்கொரு பாலம் கட்டவேண்டும். கட்டியவரே நடந்து கடக்கவேண்டும். அக்கரையில் பட்டம் கொடுப்பார்கள். பாலம் உடைந்து ஆற்றில் விழுந்தால் உயிருக்கு ஒன்றும் ஆகாது. முதலாம் ஆண்டு இயற்பியல் ஆய்வகத்தில் நனைந்தபடி எழுந்திருக்கவேண்டும், அவ்வளவுதான். அங்கே நரைத்த தாடியோடு சிலர் ஏற்கெனவே ஊசல் ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

கடப்பதற்கு முன்னால் கருத்துக் கேட்பு உண்டு. பார்க்க வருகிறவர்கள் தங்கள் கருத்தைச் சால்வையாகப் போர்த்துவார்கள். வாங்கிய சால்வையைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. கரையில் விட்டுவிட்டுப் போகவும் கூடாது.

ஜெபசீலியின் முறை வந்தது. அவளுடைய அப்பா ஊரிலிருந்து வேன் பிடித்து, உறவுக்காரர்களோடு வந்து அக்கரையில் உட்கார்ந்திருந்தார். இட்லிப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வகுப்பு வரிசையாக வந்தது.

"சூப்பர்ட்டி" என்றாள் பபிதா. சால்வை.

"செம" என்றான் ஒருவன். பாலத்துக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்துக்கொண்டான். சால்வை.

"வேற லெவல்." சால்வை.

வரிசை முடியும் தறுவாயில் ஜெபசீலிக்குக் கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது. எடையில் முதுகு வளைந்தது. பாலத்தில் ஒரு காலை வைத்துப் பார்த்தாள். பாலம் முனகியது. காலை எடுத்துவிட்டாள்.

பேராசிரியர் தங்கையாவின் அறை எதிரிலேயே இருந்தது. கையெழுத்து வாங்கப் போனால் நாலே எட்டு. கருத்துக் கேட்கப் போனால் வராண்டா நீளும். அவள் நெடுநேரம் நடந்தாள்.

தங்கையா ஒரு காலத்தில் தப்பைத் தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தவர். ஒரு மாணவனின் மனம் புண்பட்டது. குழு அமைத்தார்கள். குழு அவருடைய வாயிலிருந்து அந்தச் சொல்லை எடுத்து, முதல்வரின் பீரோவில் வைத்துப் பூட்டியது. அதிலிருந்து அவரால் ஒன்றைத்தான் சொல்ல முடிந்தது.

"சார், என் பாலத்துல என்ன தப்பு சார்?"

"நன்று."

"சார், அப்பா வந்திருக்காவ. எல்லார் முன்னாலயும் விழுந்திருவேன் சார்."

"மிக நன்று" என்றார் அவர். அவருக்குக் கண் கலங்கியது.

ஆனால் குழு அவருடைய புருவத்தை மறந்துவிட்டிருந்தது. இடது புருவம் மெல்ல எழுந்தது. ஜன்னல் வழியாகப் பாலத்தின் ஓரமாகவே போனது. இரண்டாவது தூணுக்கு நேராக நின்று துடித்தது. அதற்குமேல் புருவத்தால் முடியவில்லை.

அவள் திரும்பி வந்தபோது வரிசையில் சுடலைமுத்து மட்டும் மிச்சமிருந்தான். அவன் கையில் சால்வை இல்லை. கடை அடைத்திருந்ததாம்.

"சார் என்னட்டி சொன்னாவ?"

"ரெண்டாவது தூணைப் பாத்தாவ. புருவத்தால."

சுடலைமுத்து குத்தவைத்து உட்கார்ந்து பாலத்துக்கு அடியில் பார்த்தான். அதுவரை யாரும் அங்கே பார்த்ததில்லை.

"ஏட்டி, இது தரையில நிக்கல. ஒரு சாண் அந்தரத்துல தொங்குது. தூணு பாலத்தத் தாங்கல. பாலந்தான் தூணைத் தாங்குது."

அவளுக்குக் காது சுட்டது.

"ஒனக்குப் பொறாமைல."

"பொறாமைதான். தூணு தொங்குறதும் உண்மைதான். ரெண்டும் இருக்கட்டும்."

அவளும் உட்காரப் பார்த்தாள். சால்வைகள் விடவில்லை. எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் குனிந்தாள். தூண் தொங்கியது. அதன் அடியில் ஒரு கெண்டை மீன் சாவகாசமாகப் போய் வந்துகொண்டிருந்தது.

"இப்ப என்னல செய்ய?"

"முட்டுக் குடுக்கணும்."

"எத வச்சி?"

இருவரும் சால்வைக் குவியலைப் பார்த்தார்கள்.

மடித்து, நனைத்து, தூணுக்கு அடியில் திணித்தார்கள். நனைந்து இறுகிய பாராட்டு கல்லைப்போல் நின்றது. ஜரிகை நல்ல பிடிமானம் கொடுத்தது. மீன் வேறு வழியாகப் போனது.

தேர்வு அதிகாரி ஓடிவந்தார். "சால்வையெல்லாம் எங்கம்மா?"

"பாலத்துக்கு அடியில சார். திருப்பிக் குடுக்கல. கரையிலயும் விடல."

அவர் விதிமுறையைப் புரட்டினார். விதிமுறை அவள் பக்கம் இருந்தது. அவர் வருத்தத்தோடு வழிவிட்டார்.

ஜெபசீலி கைவீசி நடந்தாள். பாலம் மூச்சுக் காட்டவில்லை. அக்கரையில் அப்பா கையில் பாதி இட்லியோடு எழுந்து நின்றார். பட்டத்தை வாங்கியபோது, ஜன்னலிலிருந்து தங்கையா "நன்று" என்றார். பல வருடங்களுக்குப் பிறகு அந்தச் சொல் அவர் நினைத்த இடத்தில் போய் விழுந்தது.

அடுத்தது சுடலைமுத்துவின் முறை. அவன் தன் பாலத்தின் முனையில் நின்று, அக்கரையில் நின்ற ஜெபசீலிக்குக் கேட்கும்படி கத்தினான்.

"ஏட்டி, நம்ம பாலம் எப்படி?"

ஜெபசீலி குத்தவைத்து உட்கார்ந்தாள். அடியில் பார்த்தாள். எழுந்து நீளவாக்கில் பார்த்தாள். இப்போது அவளுக்குப் பார்க்கத் தெரிந்திருந்தது.

"தூணெல்லாம் நல்லா நிக்குதுல. ஆனா பாலம் நடு ஆத்துல வளைஞ்சி, நீ நிக்க கரைக்கே திரும்பி வருது."

சுடலைமுத்துவும் தன் பாலத்தை நீளவாக்கில் பார்த்தான்.

"நல்லாருக்கான்னுதான கேட்டேன்" என்றான் கடைசியில்.

பிறகு பாலத்தின் பாதியைக் கழற்றி நேராக்கினான். சொட்டு ஈரம் படாமல் கடந்து வந்தான். பட்டத்தை வாங்கினான்.

கரையேறியதும் அவளுடைய எண்ணை பிளாக் செய்தான்.