சத்தம் போடாத அணி

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவரை எல்லோரும் ஃபோர்மேன் என்றுதான் கூப்பிட்டார்கள். நெசவாலையின் தறிக்கூடத்தில் பாதி வாழ்நாளைக் கழித்த மனிதர். அத்தனை தறிகளும் ஒன்றாக ஓடும் இரைச்சலுக்கு நடுவே நின்று வேலை வாங்கியவர் என்பதால் குரல் கணீரென்று இருக்கும். அவர் ரகசியம் சொன்னால் தெருவே தலையாட்டும் என்று மனைவி கேலி செய்வார்.

புதன்கிழமை காலை ஆனால் போதும், இஸ்திரி போட்ட சட்டையோடு நூலகத்து மாடிக்குக் கிளம்பிவிடுவார். ஓய்வு பெற்றவர்களின் வட்டம் ஒன்று அங்கே கூடும். வாரம் ஒருவர் தனக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். வங்கியில் மேனேஜராக இருந்த அம்மாள் நட்சத்திரங்களை அடையாளம் காட்டினார். போஸ்ட் மாஸ்டர் ரொட்டி சுடக் கற்றுக்கொடுத்து எல்லோருடைய பல்லையும் சோதித்தார். ஃபோர்மேன் தன் பங்குக்கு, கிழிந்த துணியைத் தையல் வெளியே தெரியாமல் ஒட்டுப்போடக் காட்டிக்கொடுத்தார்.

பிறகு காது மங்க ஆரம்பித்தது. தறியின் இரைச்சல் உள்ளே நரம்பையே தின்றுவிட்டது என்றார் டாக்டர். காதில் மாட்டும் மெஷின் வாங்கினார்கள். "இதைப் போட்டா மறுபடியும் தறிக்கூடத்துக்குள்ள போய் நின்ன மாதிரி இருக்கு" என்று அதைக் கழற்றி அலமாரிக்குள் போட்டார். வட்டத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை. மற்றவர்கள் சிரித்தால் சிரிப்பது, தலையாட்டினால் ஆட்டுவது என்று சமாளித்து வந்தார்.

ஒரு புதன்கிழமை அந்தச் சமாளிப்பே அவர் காலை வாரிவிட்டது. போஸ்ட் மாஸ்டர் எழுந்து ஏதோ சொன்னார். அவர் வாயைத் திறந்தாலே வேடிக்கைப் பேச்சுதானே என்று ஃபோர்மேன் வயிறு குலுங்கச் சிரித்தார். அறையில் வேறு யாரும் சிரிக்கவில்லை. எல்லா முகங்களும் தன் பக்கம் திரும்பியதைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது. போஸ்ட் மாஸ்டர் சொன்னது, தன் அண்ணன் இறந்துபோன செய்தி.

அதற்குப் பிறகு ஃபோர்மேன் மாடிப்படி ஏறவில்லை. புதன்கிழமைகளில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தார். வீட்டிலும் பேச்சு வற்றிப்போனது. "நான் கத்திக் கத்தித் தொண்டை வத்திப்போச்சு. நாம எந்நேரமும் சண்டை போடுறோம்னு பக்கத்து வீட்ல நினைக்கிறாங்க" என்று மனைவி அழாத குறையாகச் சொன்னதும் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை.

ஒரு நாள் மேனேஜரம்மாவும் போஸ்ட் மாஸ்டரும் வீடு தேடி வந்தார்கள். ஃபோர்மேன் கண்ணை இறுக மூடித் தூங்குவதுபோல் கிடந்தார். மனைவி அவர்களிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார்.

"அட, இதுக்காகவா வரல?" என்று போஸ்ட் மாஸ்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "எங்க அண்ணன் இருந்திருந்தா அவரே விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரு!"

தோளைத் தட்டி எழுப்பி, மேனேஜரம்மா செய்தித்தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக் காட்டினார்: "அடுத்த புதன் புதுப் பாடம். கைமொழி. யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

"எனக்காக யாரும் ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றார் ஃபோர்மேன். முகம் சிவந்துவிட்டது.

மேனேஜரம்மா விடவில்லை. மறுபடியும் எழுதினார்: "உங்களுக்காக யார் பண்றா? எனக்கு இடது காது போயாச்சு. போஸ்ட் மாஸ்டருக்கு அடுத்த வருஷம். எல்லாரும் வரிசையிலதான் நிக்கிறோம்."

ஃபோர்மேன் அதை இரண்டு முறை படித்தார். பிறகு மனைவியைப் பார்த்து, "என் சட்டை எங்க?" என்றார். கிளம்ப இன்னும் நாலு நாள் இருந்தது.

பாடம் நடத்த வந்தவரைப் பிரஸ் அக்கா என்றார்கள். பிறவியிலேயே காது கேட்காதவர். அச்சகத்தில் புத்தகம் தைக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பேச ஆள் கிடைக்காமல் வீட்டில் அடைந்து கிடந்த அவரை, மேனேஜரம்மாதான் எங்கோ தேடிப்பிடித்து அழைத்து வந்திருந்தார். கண்டிப்பான வாத்தியார். உதடு அசைந்தால் விரல்முட்டியில் ஸ்கேலால் ஒரு தட்டு.

முதல் சில வாரங்கள் ஒரே கூத்து. அரிசி வாங்கினேன் என்று சொல்லப் போய், போஸ்ட் மாஸ்டர் இரண்டு கிலோ கல்யாணம் வாங்கியதாகச் சொன்னார். பிரஸ் அக்கா சிரித்துச் சிரித்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஆனால் ஃபோர்மேனின் விரல்கள் வேறு ரகம். வாழ்நாளெல்லாம் நூல் அறுந்த இடத்தைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்த கண்களும், முடிச்சுப் போட்ட விரல்களும் அவருடையவை. மற்றவர்கள் ஒரு வாக்கியத்தோடு மல்லுக்கட்டும்போது அவர் ஒரு கதையே சொல்லி முடித்தார். கூடவே வந்து கற்றுக்கொண்ட மனைவியும் சளைத்தவரல்ல. ஒரு மாலை அடுப்படியில் நின்றபடியே, துணியை மடிக்காமல் போட்டதற்காக அவரைக் கைகளால் பிடிபிடி என்று பிடித்தார். ஃபோர்மேன் பதிலுக்குப் பாய்ந்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு இருவரும் வயிறாரச் சண்டை போட்டார்கள்; பக்கத்து வீட்டுக்கு மூச்சு கூடப் போகவில்லை.

ஊரில் இருக்கும் ஓய்வு பெற்றோர் வட்டங்களுக்குள் ஆண்டுதோறும் வினாடி வினாப் போட்டி நடக்கும். கோப்பை எப்போதும் ரயில்வே காலனி வட்டத்துக்குத்தான் போகும். நூலகத்து வட்டம் கடைசி இடத்தைத் தன் பெயருக்கே எழுதி வாங்கியிருந்தது. இந்த முறை மேனேஜரம்மா, போஸ்ட் மாஸ்டர், பிரஸ் அக்கா, ஃபோர்மேன் ஆகிய நால்வரும் அணியாகப் போய் மேசையில் உட்கார்ந்தார்கள்.

பக்கத்து மேசையில் ரயில்வே காலனி அணியின் தலைவர். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். தன் ஆட்களிடம் குனிந்து, "ரெண்டு பேருக்குக் காது கேக்காதாம். பாதி அணி காலி" என்றார்.

பிரஸ் அக்கா உதட்டைப் படிப்பதில் கெட்டிக்காரர். சொன்னதை ஒரு எழுத்து விடாமல் கைகளால் ஃபோர்மேனுக்குக் கடத்தினார். ஃபோர்மேன் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டார்.

போட்டி தொடங்கிச் சற்று நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை போட்ட அரங்கம். மழை அதில் கொட்டியபோது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழவில்லை. மைக் இருந்தும் பயனில்லை. கேள்வி கேட்பவர் கரும்பலகையில் எழுதிப்போட ஆரம்பித்தார். மணி அடிப்பதற்குள் அணிகள் கலந்து பேசிப் பதிலை அட்டையில் எழுதித் தூக்கிக் காட்ட வேண்டும்.

கலந்து பேசுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. ஒருவர் காதில் ஒருவர் கத்தினார்கள். கத்தியது பக்கத்து மேசைக்குக் கேட்டது, உரியவருக்குக் கேட்கவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் தொண்டை கிழியச் சொன்ன பதிலை எதிர் மேசைக்காரர்கள் எழுதிப் புள்ளி வாங்கினார்கள். அவருடைய ஆளோ, "என்னது? என்னது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நூலகத்து அணி மட்டும் அமைதியாக இருந்தது. கைகள் மேசைக்கு மேல் பறந்தன. மேனேஜரம்மா கிரகங்களைச் சொன்னார், போஸ்ட் மாஸ்டர் நாடுகளின் தலைநகரங்களைச் சொன்னார், பிரஸ் அக்கா தான் தைத்த புத்தகங்களில் எதையும் படிக்காமல் விட்டதில்லை போலிருக்கிறது. அட்டை மேலே எழ எழ, அரங்கமே கழுத்தை நீட்டிப் பார்த்தது.

கடைசிக் கேள்வி வரும்போது ரயில்வே காலனியும் நூலகமும் சமமாக நின்றன. பலகையில் எழுதினார்கள்: "மனித உடலிலேயே மிகச் சிறிய எலும்பு எங்கே இருக்கிறது?"

மேனேஜரம்மா விழித்தார். போஸ்ட் மாஸ்டர் தன் சுண்டுவிரலைப் பார்த்துக்கொண்டார். ஃபோர்மேன் பரபரவென்று தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

ஸ்டேஷன் மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, "பாவம், கேக்கலையாம்" என்று தன் ஆட்களிடம் கத்தினார். மேனேஜரம்மாவும் அப்படித்தான் நினைத்து, பலகையைப் பாருங்கள் என்று சைகை செய்தார். ஃபோர்மேன் மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். பிறகு, தறிக்கூடத்துப் பொறுமையோடு, ஒவ்வொரு சொல்லாகச் செய்து காட்டினார். எலும்பு. சின்னது. அரிசியைவிடச் சின்னது. உள்ளே. காதுக்கு உள்ளே. டாக்டர் பிளாஸ்டிக் காதைப் பிரித்துக் காட்டினார். நான் என் கண்ணால் பார்த்தேன்.

பிரஸ் அக்கா அட்டையைப் பிடுங்கி எழுதினார். மணி அடித்தது.

ரயில்வே காலனி அட்டையில் 'மூக்கு' என்று இருந்தது.

நடுவர் நூலகத்து மேசையை நோக்கிக் கை காட்டியதும், பார்வையாளர் வரிசையில் ஃபோர்மேனின் மனைவி நாற்காலி மேலேயே ஏறி நின்றுவிட்டார். வட்டத்து ஆட்கள் மொத்தப் பேரும் எழுந்து இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி விரல்களை ஆட்டினார்கள். கைமொழியில் அதுதான் கைதட்டல். ஃபோர்மேன் வாங்கிய பாராட்டுகளில் முழுசாக அவரை வந்து சேர்ந்தது அதுதான். கோப்பையைப் பிரஸ் அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, அவரும் தன் தடித்த விரல்களை உயர்த்தி ஆட்டினார்.

ஸ்டேஷன் மாஸ்டர் தொண்டை கட்டிய நிலையில் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஏதோ கேட்டார். குரல் வரவில்லை. வாயையும் கையையும் மாறி மாறிக் காட்டினார்.

"புதன்கிழமை வாங்க" என்றார் ஃபோர்மேன், அரங்கம் அதிர. "காலையில பத்து மணி. லேட்டா வந்தா அக்கா ஸ்கேலால அடிப்பாங்க."

மழை விட்டதும் எல்லோரும் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தார்கள். மேனேஜரம்மாவுக்கும் பிரஸ் அக்காவுக்கும் எதிர்ப்பக்கத்துப் பேருந்து. சாலையில் வண்டிகள் ஹாரன் அடித்தபடி ஊர்ந்தன. அவற்றின் தலைக்கு மேலாகவே, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு, அடுத்த போட்டியில் யார் யாரைச் சேர்ப்பது என்று ஃபோர்மேன் கடுமையாக வாதாடிக்கொண்டிருந்தார்.

பேருந்து வந்து நின்றது. "ஏறுங்க, ஏறுங்க" என்று மனைவி அவர் கையைப் பற்றி இழுத்தார்.

"கையை விடும்மா!" என்றார் ஃபோர்மேன். "பேசிக்கிட்டு இருக்கேன்ல."