தலையில் தார்

அவர் ரோடு போடுகிறவர். தார் நாற்றம் மனைவிக்கு ஆகவே ஆகாது. குளிக்காமல் வீட்டுக்குள் விடமாட்டாள். அந்த மகராசியின் தலையில் அரிப்பெடுத்துச் செதில் செதிலாக உதிர, தோல் டாக்டர் எழுதிக் கொடுத்ததோ நிலக்கரித் தார் கலந்த ஷாம்பு. மூக்கைச் சுளித்துக்கொண்டே, சொன்ன நாள் தவறாமல் தேய்த்து, ஊறவிட்டு அலசினாள். அரிப்பு அடங்கியது. வாசனைதான் முடியோடு தங்கிவிட்டது.

அன்று இருவரும் பஸ்ஸில் போகையில் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு இவருடைய கறுத்த கைகளை முறைத்தார். இவரும் பழக்கதோஷத்தில் எழுந்து நகரப் போனார். மனைவி கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அவர் குளிச்சுட்டுத்தாங்க வந்திருக்காரு. இது என் தலை வாசனை, மருந்து."

சொல்லிவிட்டுக் கணவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். போட்டு முடித்த ரோட்டில் முதல் வண்டி ஓடும்போதுகூட அவருக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.