இயக்குநர் எட்டுப் பேராகப் பிரிந்தது

ஒளியியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநர், விருந்தினர்கள் கைதட்டிக்கொண்டிருக்கும்போதே எட்டுப் பேராகப் பிரிந்தார். கதவளவு கண்ணாடியில், கண்ணுக்கே தெரியாத நெருக்கத்தில் லட்சக்கணக்கான கீறல்களை இழுத்து வைத்திருந்தார்கள். இழுத்தவர்கள் வேறு, புகைப்படத்துக்கு அதன் பின்னால் நின்றவர் இவர். விளக்கைப் போட்டதும், ஒவ்வொரு கீறலிடுக்கிலும் நுழைந்த வெளிச்சம் அலையலையாக விரிந்து, எந்த நிறத்தின் அலைகள் எந்தத் திசையில் ஒத்துச் சேர்ந்தனவோ அந்தத் திசையில் அந்த நிறமாகப் போயிற்று. இயக்குநரும் அப்படியே போனார். நடுவில் வெள்ளையாக ஒருவர் அசையாமல் நின்றார். அவரை ஒட்டி ஊதா, பிறகு கருநீலம், நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று வந்து, அலைநீளம் அதிகமான சிவப்பு எல்லோரையும் விடத் தள்ளிப்போய்ப் பலகாரத் தட்டருகே விழுந்தார். இடப்பக்கமும் இதே வரிசை வந்திருக்க வேண்டும். அங்கே சுவர் இருந்ததால் ஊர் தப்பித்தது.

அவருடைய மனைவி வழக்கறிஞர். பெருமையோடு பார்ப்பதற்கென்றே முன்வரிசையில் உட்காரவைக்கப்பட்டிருந்தாள். எட்டுப் பேரையும் வீட்டுக்குக் கூட்டிவந்து சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்காரவைத்தாள். வருஷக்கணக்காகக் கேட்டும் உருப்படியான பதில் வராத கேள்வியைக் கேட்டாள்.

"நம்ம குழந்தை வயித்துலயே இறந்து நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, ஏன் வரல?"

"மனசால உன் பக்கத்துலயேதான் இருந்தேன்," என்றார் வெள்ளை. இது அவள் கேட்டுப் புளித்துப்போன பதில்.

"அன்னைக்கு மேடையில எனக்குப் பரிசு," என்றார் சிவப்பு.

"ஆஸ்பத்திரி வாடை எனக்கு ஆகாது," என்றார் மஞ்சள்.

"எல்லாரும் உன்னையே விசாரிச்சாங்க. என்னை ஒருத்தரும் கேக்கல," என்றார் பச்சை.

மற்றவர்கள் தின்றுகொண்டிருந்தார்கள். ஊதா மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். "வந்தேன். கதவுகிட்ட நின்னேன். நீ அழுதுட்டு இருந்தே. திரும்பிப் போயிட்டேன்."

இந்த ஒருவரையாவது வைத்துக்கொள்ளலாமா என்று, தட்டுகளைக் கழுவி முடிக்கும்வரை யோசித்தாள்.

"வராதவனைக்கூட மன்னிச்சிடலாம்," என்று ஊதாவிடம் சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்தாள்.

நீதிமன்றத்தில், யாரிடமிருந்து விவாகரத்து என்று கேட்டார்கள். "எட்டுப் பேர்கிட்ட இருந்தும்," என்றாள். கொடுத்தார்கள். வெள்ளைக்குப் பதவி உயர்வு வந்தது. எந்தச் சாயமும் இல்லாத ஆளைத்தான் மேலிடம் தேடிக்கொண்டிருந்ததாம். மற்றவர்கள் இருக்கிற ஒரே மூக்குக்கண்ணாடிக்கு அடித்துக்கொண்டு பழைய வீட்டிலேயே கிழமானார்கள். ஊதா மட்டும் தினமும் சாயங்காலம் அவள் குடியிருக்கும் தெருவுக்கு வந்து, வாசல்வரை நடந்து, உள்ளே வராமல் நிற்கிறார். மழையிலும் நிற்கிறார். அவள் திரைச்சீலையை இழுத்துவிட்டு மறுநாள் வழக்கைப் படிக்கிறாள். மாடிவீட்டுக்காரர், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்," என்று சொல்லிச் சைக்கிளை உள்ளே ஏற்றுகிறார்.