தாடைக்குக் கீழே ஒரு மினுக்கம்

நாணயச் சங்கத்துக்காரர்கள் மேல், அவர்கள் பல்செட் என்று கூப்பிடும் மனிதருக்கு மரியாதை என்று ஒன்று இருந்ததே இல்லை. ஒன்பது வருடமாக அவரும் அங்கேதான் குப்பை கொட்டுகிறார் என்பது வேறு விஷயம்.

எழுதுபொருள் கடையின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினைந்து பேர் கூடுவார்கள். வீட்டில் ஒரு பல்பு மாற்றத் துப்பில்லாதவர்கள் எல்லாம் அங்கே வந்தால் பேரறிஞர்கள். வெல்வெட் துணி விரிப்பார்கள், கையுறை மாட்டுவார்கள், வாயில் கைக்குட்டை கட்டிக்கொள்வார்கள். எச்சில் ஒரு துளி தெறித்தால் போதும், பழைய வெள்ளியில் கறுப்புப் புள்ளி விழுந்துவிடும். அதனால் நாணயம் கையில் இருக்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது சங்கத்தின் சட்டம். வங்கியைக் கொள்ளையடிக்கக் கிளம்பி, வழி தவறி மாடியேறிவிட்ட கும்பல் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள்.

எல்லா நாணயமும் இவர்களுக்கு ஆகாது. தனிக் கவனத்தோடு அடித்த பழைய நாணயமாக இருக்க வேண்டும். தரை, அதாவது தலையைச் சுற்றியிருக்கும் வெற்றிடம், முகம் பார்க்கிற கண்ணாடியாக இருக்க வேண்டும், அதன் மேல் எழும்பி நிற்கும் ராஜாவின் தலை மட்டும் பனி படிந்தது போல வெளுத்திருக்க வேண்டும். அந்தக் காலத்து அச்சில் முதல் சில நாணயங்களுக்குத்தான் அந்தப் பனி விழும். அடிக்க அடிக்க அச்சு தேய்ந்து, தலையும் தரையும் ஒரே பளபளப்பாகிவிடும். அதனால் பனி விழுந்த ஒன்றைக் கண்டால் இவர்களுக்குத் தலைகால் புரியாது.

பல்செட்டுக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் அவருடைய மச்சான். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பல்செட்டும் உலோகக் கேப்பும் செய்து கொடுப்பது இவர் தொழில். கேப்பின் மேல் பீங்கான் ஒட்ட வேண்டும் என்றால் உலோகத்தைச் சொரசொரப்பாக்க வேண்டும், அதற்குப் பொடி மணலைப் பீச்சியடிக்கும் பெட்டி ஒன்று பட்டறையில் உண்டு. பத்துப் பதினோரு வருடம் முன்னால் மனைவியின் அண்ணன் ஒரு பளபள நாணயத்தோடு வந்து நின்றார். "தலையை மட்டும் வெள்ளையாக்கிக் குடுங்க மாப்பிள்ளை. என் வீட்டுக்காரிக்குச் சங்கிலியில டாலராப் போடணும்." இவர் தரைக்கு மெழுகு பூசி மறைத்து, பத்து நிமிடத்தில் பீச்சிக் கொடுத்தார். மெழுகை எடுத்துவிட்டுப் பார்த்தபோது மூச்சே நின்றுவிட்டது. இவ்வளவு அழகா என்று அன்றைக்குத் தொடங்கியது. டாலர் என்ன ஆனது என்று பிறகு அவர் கேட்கவே இல்லை. அசலைத் தேடி அலையத்தான் நேரம் சரியாக இருந்தது.

சங்கத்தின் தலைவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். கழுத்தில் ஒன்று எப்போதும் தொங்கும், குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்பது அவர் மனைவிக்கே வெளிச்சம். வருடக் கண்காட்சியில் நடுப்பெட்டி என்று ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. ஒன்பது வருடமாக அதில் உட்கார்ந்திருப்பது பூதக்கண்ணாடியின் நாணயம். தொட யாரையும் விடமாட்டார். மற்றவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

அந்த நடுப்பெட்டிதான் பல்செட்டுக்கு வேண்டியிருந்தது. வேறு எதுவும் வேண்டாம். இரண்டு வருடம் முன்னால், காலி செய்த வீடு ஒன்றின் தையல் பெட்டியில், மெத்துத் துணியில் சுற்றி, பூதக்கண்ணாடியுடைய நாணயத்தின் அதே வருடத்தில் அடித்த இன்னொன்று அவருக்குக் கிடைத்தது. அசல் பனி. அச்சிலிருந்து முதலில் விழுந்த நாலைந்தில் ஒன்று என்று சத்தியம் செய்வார். பூதக்கண்ணாடி அதைப் போன மாதம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பனி கம்மி" என்று ஒதுக்கிவிட்டார். அன்றிலிருந்து பல்செட்டுக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று கடிதம் எழுதி, ஏழு பேரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார்.

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை பூதக்கண்ணாடி வேறு வழியில்லாமல் தன் நாணயத்தை வெல்வெட்டில் வைத்தார். பிள்ளையைப் பள்ளியில் முதல் நாள் விடுகிற முகம்.

பல்செட் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அதை எடுத்தார். பனி தடிமனாகத்தான் இருந்தது. ரொம்பவே தடிமன். லென்சைக் கிட்டே கொண்டுபோனார். பனி என்று இத்தனை நாள் பெருமூச்சு விட்டது பனியே இல்லை, பொடிப்பொடியான குழிகள். மணல் அடித்த குழி! தினமும் பட்டறையில் பார்க்கிற குழி! சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கைக்குட்டை ஆடியது. நாணயத்தைக் கீழே வைத்துவிட்டுக் கட்டை அவிழ்த்தார்.

"தலைவரே, இது போலி."

"வாயைக் கழுவுங்க."

"அச்சுல விழுந்த பனி இல்ல இது. பின்னாடி எவனோ மணல் அடிச்சிருக்கான். அதையும் ஒழுங்கா அடிக்கல, அரைகுறைப் பய. தாடைக்குக் கீழ பாருங்க, ஒரு நூல் அளவுக்கு மணலே படாம மினுங்குது. இந்த லட்சணத்துக்கு ஒன்பது வருஷமா நடுப்பெட்டி! இத்தனை பூதக்கண்ணாடி இருந்து என்ன பிரயோஜனம்? உங்களுக்கெல்லாம் கண்ணு முகத்துல இருக்கா, முதுகுல இருக்கா?"

சொல்லச் சொல்ல நெஞ்சு குளிர்ந்தது. ஒன்பது வருட ஏளனத்தையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தார். பூதக்கண்ணாடியின் முகத்தில் ஈயாடவில்லை. நாணயம் கைமாறிக் கைமாறிப் போனது. பார்த்தவர்கள் ஒவ்வொருவராகக் கைக்குட்டைக்கு மேல் கண்ணை விரித்தார்கள்.

கடைசியாக அது சங்கத்தில் இருக்கும் பல் டாக்டரம்மாவிடம் வந்தது. பல்செட்டுக்குப் பதினைந்து வருடமாக வேலை அனுப்புகிறவர் அவர். நாணயத்தைத் திருப்பினார், வெளிச்சத்தில் சாய்த்தார், மறுபடி திருப்பினார். அதிக நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கீழே வைத்து, கைக்குட்டையை அவிழ்த்து, நாலாக மடித்தார்.

"வலது ஓரம் மினுங்குது," என்றார். "திரும்பப் பண்ணுங்க."

மற்றவர்களுக்குப் புரியவில்லை. பல்செட்டுக்குப் புரிந்துவிட்டது. வாரத்துக்கு ஒரு கேப்பாவது டாக்டரம்மா இதே வரியை எழுதிய சீட்டோடுதான் பட்டறைக்குத் திரும்பி வரும். பல்செட்டுக்கு இடது கைப்பழக்கம். குழாயை இடது பக்கமிருந்தே பிடிப்பார், வலது ஓரத்தில் மணல் சரியாகப் படாது, அந்தத் தாடைக்குக் கீழே மாதிரியே. எத்தனை சொல்லியும் அந்தக் கை திருந்தவில்லை.

"உங்க கை வேலை எனக்குத் தெரியாதாப்பா?" என்றார் டாக்டரம்மா. குரலில் கோபம்கூட இல்லை.

மச்சான் அன்றைக்குச் சொன்ன டாலர், அசல் என்று விலைபோய் இங்கே உட்கார்ந்திருக்கிறது. ஒன்பது வருடமாகப் பொறாமையில் வெந்தது தன்னுடைய பத்து நிமிட வேலையைப் பார்த்துத்தான். அரைகுறைப் பய யார் என்பதும் சபைக்கே தெரிந்துவிட்டது. அவமானத்தில் காது சுட்டது. "டாலருக்குன்னு சொன்னாரு மச்சான். சத்தியமா எனக்குத் தெரியாது," என்றார். அவர் காதுக்கே அது பொய் மாதிரி கேட்டது.

பூதக்கண்ணாடி இப்போது நிதானமாகப் பல்செட்டின் நாணயத்தை எடுத்தார். லென்ஸ் வைத்துப் பார்க்கக்கூட இல்லை. வெல்வெட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்.

"அப்ப இதையும் நீங்கதான் பண்ணியிருப்பீங்க. இது கொஞ்சம் கைதேர்ந்த பிறகு பண்ணினது போல."

"ஐயோ, இது அசல்! குழியே இல்ல, பாருங்க. ஒரு தடவை பாருங்களேன்!"

யாரும் பார்க்கவில்லை. கைக்குட்டைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மாகூடக் கைப்பையில் எதையோ தேடினார்.

கண்காட்சியில் நடுப்பெட்டி காலியாக இருக்கும் என்று பல்செட் நினைத்தார். அந்தப் பேரறிஞர்களை அவர் சரியாக எடைபோடவில்லை. போலியையே மறுபடி அதில் வைத்து, "ஏமாறாதீர்கள், போலி இப்படித்தான் இருக்கும்" என்று ஒரு அட்டையையும் மாட்டிவிட்டார்கள். எந்த வருடமும் இல்லாத கூட்டம். வரிசை படியிறங்கித் தெருவரைக்கும் நின்றது.

பல்செட்டும் அந்த வரிசையில் நின்றார். சட்டைப் பையில் மெத்துத் துணிக்குள் அசல் இருந்தது. முன்னால் நின்ற பெண்மணி பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "போலியாம், ஆனா என்ன அழகு பாருங்க," என்று இவரிடம் சொன்னார்.

"வலது ஓரம் சரியில்லைங்க," என்றார் பல்செட்.