வீட்டுக்கு வந்த மங்கல்

அன்று மாலை வாசலில் இருந்தவர்கள்: மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், அவர் மனைவி, மகள்கள் இருவர், எதிர்வீட்டுத் தையல்காரர், வாடகை வண்டி ஓட்டிவந்தவர். லேசர் சிகிச்சையில் இளையவளின் கண்களிலிருந்து கழிக்கப்பட்ட மங்கல், வண்டியின் பின்கதவு வழியே இறங்கி, செருப்பு விடும் இடத்தைத் தாண்டி வீட்டுக்குள் போனதை இவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். வண்டிக்காரர் அதற்கும் சேர்த்து வாடகை கேட்டார். அது இடத்தை அடைக்கவில்லையே என்று கடைக்காரரின் மனைவி மறுத்துவிட்டாள்.

இது பெயரெடுத்த குடும்பம். கடைக்காரர் கண் பார்த்துச் சொன்ன எண் தவறென்று திரும்பி வந்தவர் கிடையாது. அவருடைய மகள்களுக்குச் சிறுவயதிலிருந்தே இரண்டு கண்ணிலும் மைனஸ் ஏழு. எந்த மூக்குக்கண்ணாடி யாருடையது என்ற பேச்சே அந்த வீட்டில் இல்லை. காலையில் எது கைக்குக் கிடைக்கிறதோ அதை மாட்டிக்கொண்டு போவார்கள். அந்தப் பழக்கத்தில்தான் பிழை நேர்ந்தது. பவர் ஒன்றென்றால் கண்ணும் ஒன்றுதான் என்று முடிவுகட்டி, கடைக்காரர் இருவரையும் ஒரே நாளில் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். லேசர் வேண்டுமென்று வருஷக்கணக்காகக் கேட்டவள் மூத்தவள். முகம் கழுவி நிமிர்ந்ததும் நிலைக்கண்ணாடியில் தன் முகத்தை வெறும் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை. இளையவள் துணைக்கு வந்தவள்.

"உங்களுக்குக் கருவிழி ரொம்ப மெலிசா இருக்கும்மா" என்று மூத்தவளிடம் சொன்னார் மருத்துவர். "லேசர் அதைச் செதுக்கித்தான் பார்வையைச் சரி பண்ணும். இதுல போய்ச் செதுக்கினா நாளைக்குக் கண்ணே புடைச்சுக்கும். வேண்டாம்."

இளையவளுக்கு வேண்டிய கனம் இருந்தது. செதுக்கியது போக மிச்சமும் இருக்கும் என்றார்கள்.

"அந்த மிச்சத்தை எனக்குக் குடுக்க முடியாதா?" என்று கேட்டாள் மூத்தவள். மருத்துவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

தங்கைக்குச் சிகிச்சை நடந்த அறைக்கு வெளியே இருந்த திரையில் அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். சொட்டு மருந்தில் கண் மரத்தது. ஒரு கவ்வி இமைகளை விரித்துப் பிடித்தது. கருவிழியின் மேலே வெங்காயத் தோல் போல ஒரு மூடியை விலக்கினார்கள், ஒளி அடியில் இழைத்தது, மூடியைத் திருப்பி வைத்து நீவிவிட்டார்கள். தையல்கூட இல்லை. டீ ஆறுகிற நேரத்தில் ஒரு பிறவிக்குறை போயிற்று.

"கழிச்சதெல்லாம் எங்க போகும்?" என்று செவிலியிடம் கேட்டாள்.

"ஆவியாப் போயிடும்க்கா."

"யாருக்கும் வேண்டாமா அது?"

அப்படி யாரும் கேட்டதில்லை என்றாள் செவிலி. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்று சொல்லிவைத்தவர்கள், அந்த இரண்டு கண்ணும் ஒரே கூரையின் கீழ் வளர்வதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தாயின் கை நடுங்கும் என்பதால் தங்கைக்குச் சொட்டு மருந்து விடும் வேலை மூத்தவளுக்கு வந்தது. ஒவ்வொரு தடவையும் அவளுக்கு வயிறு எரிந்தது. ஒரு வேளையும் தவறவில்லை.

"அக்கா, அந்த மரத்துல ஒவ்வொரு இலையும் தனித்தனியாத் தெரியுது!"

"எண்ணிக்கிட்டு இரு. கண்ணைக் கசக்காத."

"உனக்குப் பொறாமைதானே?"

"ஆமா. மேல பாரு, மருந்து கன்னத்துல வழியுது."

மங்கல் முதலில் கட்டிலுக்கடியில் கிடந்தது. பிறகு கூடம், சமையலறை, மாடிப்படி என்று பரவியது. தெருவிலிருந்து பார்த்தால் ஈரத்துணியால் துடைத்த எழுத்துப்போல வீடு கலங்கித் தெரிந்தது. தபால்காரர் கடிதங்களைத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனார். கடைக்காரர் சோதனை லென்ஸ் பெட்டியைக் கொண்டுவந்து கூடத்தை அளந்தார். மைனஸ் ஏழு. அக்கம்பக்கத்துக் கூரையெல்லாம் ஓடு ஓடாகத் தெரிந்த இளையவள், சொந்த வீட்டு நிலைப்படியில் இடித்துக்கொண்டு அழுதாள்.

அந்த வாரத்தில் ஒரு காலை மூத்தவள் முகம் கழுவி நிமிர்ந்தாள். மூக்குக்கண்ணாடி அலமாரியில் இருந்தது. நிலைக்கண்ணாடியில் ஒரு பெண் இவளைப் பார்த்தாள். இடது இமையோரம் ஒரு சின்ன மச்சம். இத்தனை வயதுவரை அதை மூக்குக்கண்ணாடியின் சட்டம் மறைத்திருந்தது. தாய் வந்து கூப்பிடும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

அவளுக்கு வெறும் கண்ணில் தெரிகிறது என்பதைக் கடைக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. "வீட்டோட ஏழும் உன்னோட ஏழும் சேர்ந்து பதினாலுல்ல ஆகணும்? எப்படிக் கழிஞ்சு போகும்?"

"அந்தக் கணக்கு கடைக்குப்பா. இது வீடு" என்றாள் மூத்தவள்.

முள்ளை முள் எடுத்தது என்று தையல்காரர் சொன்னார். அதற்குமேல் யாரும் விளக்கம் தேடவில்லை.

இப்போது வயிற்றெரிச்சல் கை மாறியது. அக்கா வெறும் கண்ணோடு வீடு முழுக்க நடமாடுவதை, இல்லை, தன் கண்ணுக்குத் தெரிந்த அந்த நடமாடும் கலங்கலை, இளையவளால் தாங்க முடியவில்லை. சன்னல்களைத் திறந்தாள், மின்விசிறியை வேகமாகச் சுழலவிட்டாள், துடைப்பத்தை எடுத்தாள். "இதை வெளிய தள்ளப்போறேன். நான் கழிச்சதை வெச்சு நீ அழகு பார்க்கிறியா?"

மூத்தவளின் கை நிலைக்கண்ணாடியின் விளிம்பைப் பற்றிக்கொண்டது. குரல் மட்டும் உயரவில்லை. "உன்னோடதுதாண்டி, நான் இல்லேன்னு சொல்லல. வெளியதான் ஏன் தள்ளணும்? திருப்பி நீயே எடுத்துக்கோ. பழையபடி கண்ணுல வெச்சுக்கோ."

இளையவள் மின்விசிறியை நிறுத்தினாள். பிறகு துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டு, சன்னல்களைத் தானே மூடினாள்.

கடைக்காரர் வாசல் நிலையில் ஒரு ஆணி அடித்து மூக்குக்கண்ணாடிகளைத் தொங்கவிட்டார். வெளியே போகும்போது மூத்தவள் அதிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டாள். உள்ளே வரும்போது இளையவள் எடுத்து மாட்டிக்கொண்டாள். எந்தக் கண்ணாடி யாருடையது என்று மறுபடியும் யாரும் கேட்கவில்லை. வருஷங்கள் போயின. இளையவள் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிப் போனாள். மூத்தவளைக் கட்டியவர் வீட்டோடு வந்து தங்கினார். ஊர் கேலி பேசியது. அவர் முகத்தை அவள் வெறும் கண்ணால் பார்க்க அதைவிட்டால் வழியில்லை என்பது ஊருக்குத் தெரியாது.

மூத்தவள் பொறாமையில் மங்கலைக் கைப்பைக்குள் மறைத்துக் கொண்டுவந்தாள் என்று தெருவில் இன்றும் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். பிறத்தியார் பொருளை மறைத்து எடுக்கிற வழக்கம் இந்தக் குடும்பத்தில் இல்லை. மங்கல் தானாகத்தான் வந்தது. அது இறங்கி முடிக்கும்வரை மூத்தவள் வண்டிக் கதவைச் சாத்தாமல் பிடித்திருந்தாள், அவ்வளவுதான்.